ஜோதிலிங்கம் வெச்ச அஞ்சு லெவல்

...மேடைக்கு வர்றதுக்கு முன்னாடி மாப்பிள்ளை அகிலன் என் காதுல ஒரு விஷயம் சொன்னார். "ஐயா, கல்யாணத்துக்கு அப்புறம் தேன்மொழி ஒரு வேலையும் செய்ய வேண்டாம். எல்லாத்தையும் நானே பாத்துக்குறேன்." கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா எனக்கு லேசா ஒரு பயம் வந்துடுச்சு... ஏன் பயம்னு சொல்றேன். பந்தியில இன்னும் இலை போடல, எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன். அதனால தைரியமா ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க.

கோத்தகிரியில ஜோதிலிங்கம்னு ஒருத்தர். மின்வாரியத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி கனகவல்லி, அந்த ஊர் கிளை நூலகத்துல நூலகர். தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போவாங்க. ஒரு வருஷம் சிக்குன்குனியா வந்து முட்டி ரெண்டையும் பிடிச்சுக்கிச்சு. அதுலேருந்து ஜோதிலிங்கம்தான் ஸ்கூட்டர்ல கொண்டு போய் விடுவார். விட்டுட்டுத் திரும்பி வந்தாரா? வரல! நூலக வாசல்லயே உக்காந்திருந்தார். அந்தம்மா எழுந்து அலமாரிப் பக்கம் போனாக்கூட வெளியேருந்து குரல் வரும்... "கனகு, ஸ்டூல் இருக்கு, பாத்து!"

பெண்கள் பக்கம் சிரிப்பு பலமா இருக்கே... இந்த மண்டபத்துலயே நிறைய ஜோதிலிங்கம் இருக்காங்க போல!

ஒரு நாள் அந்தம்மா சொன்னாங்க, "ஏங்க, மெதுவா சைக்கிள் மிதிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நான் தனியா போய்ட்டு வரணுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

"மூச்சு முட்டுதா? வண்டிய எடுக்கவா? ஆஸ்பத்திரி போலாமா?"

எப்படி இருக்கு!

அப்புறம் நிதானமா விளக்கினதும் மனுஷனுக்குப் புரிஞ்சுது. புரிஞ்சதும் என்ன பண்ணார்? மனைவியோட பழைய சைக்கிளுக்குத் தன் கையாலயே மோட்டார் மாட்டினார். பின் சக்கரத்துல மோட்டார், கேரியர்ல பேட்டரி, எல்லாத்தையும் அடக்கி ஆள ஒரு கன்ட்ரோலர் பெட்டி. அந்த வண்டியில நாம பெடல் மிதிச்சாத்தான் மோட்டார் உதவிக்கு வரும். எவ்வளவு உதவி வேணும்னு ஹேண்டில் பார்ல இருக்கற பட்டனை அமுக்கி மாத்திக்கலாம். ஒன்னுலேருந்து அஞ்சு லெவல். ஒவ்வொரு லெவலுக்கும் மோட்டார் எத்தனை சதவீதம் இழுக்கணும்னு முன்னாடியே செட்டிங்ல வெக்கணும்.

ஜோதிலிங்கம் எத்தனை வெச்சார்? என் கனகு கால் வலிக்கலாமா? முதல் லெவல்லயே தொண்ணூறு சதவீதம்!

அந்தம்மா சந்தோஷமா ஏறி உக்காந்தாங்க. லெவல் ஒன்னு. பூ மாதிரி ஒரு மிதி... அவ்வளவுதான்! வண்டி பாய்ஞ்சுது. "ஏங்க! ஏங்க!"னு கத்துறாங்க. பதட்டத்துல பிரேக் ஞாபகமே வரல, கால் நிக்க மாட்டேங்குது, கால் நிக்காததால மோட்டாரும் நிக்க மாட்டேங்குது. எதிர்ல ஒரு ஜீப். அந்தம்மா ஹேண்டிலை ஒடிச்சுத் திருப்பி... ரோட்டோரமா கழுவிக் கொட்டி வெச்சிருந்த கேரட் குவியல்ல போய் விழுந்தாங்க.

கடவுள் புண்ணியம், சிராய்ப்போட போச்சு. ஆனா ஜோதிலிங்கம் அரண்டு போய்ட்டார். பயத்துல என்ன பண்ணுவோம்? கோவப்படுவோம். "உனக்கு வேகமே ஆகாது"ன்னு சொல்லி, அஞ்சாவது லெவலுக்கே பத்து சதவீதம்னு குறைச்சு வெச்சுட்டார்!

மறுநாள் நூலகம் போற வழியில மேடு வந்துது. அஞ்சாவது லெவல்லயும் வண்டி நகரல. மோட்டார் கனம், பேட்டரி கனம்... அத்தனையையும் அந்தம்மா வலிக்கிற முட்டியோட தள்ளிக்கிட்டே ஏறினாங்க. பின்னாடியே யாரு? ஸ்கூட்டர்ல நம்ம ஆளு! "நான்தான் அப்பவே சொன்னேனே கனகு, ஏறு, நான் கொண்டு விடுறேன்."

அந்தம்மா சைக்கிளை ஸ்டாண்டு போட்டாங்க. கண்ணுல தண்ணி.

"ஏங்க... முட்டி யாரோடது?"

"உன்னோடதுதான்."

"மிதிக்கிறது யாரு?"

"நீதான்."

"அப்போ எவ்வளவு உதவி வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஜோதிலிங்கம் ஸ்கூட்டரை ஓரமா நிறுத்தினார். பக்கத்துல வந்து நின்னு, ரொம்பச் சின்னக் குரல்ல கேட்டார், "எவ்வளவு வெக்கட்டும் கனகு?"

அந்த மேட்டுலயே ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. அந்தம்மா மிதிச்சுப் பாப்பாங்க. "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க... ஐயோ, இது அதிகம்... ஆங், இப்போ சரி." இவர் கூடவே ஓடி, மூச்சு வாங்கி, பட்டனை அமுக்கி செட்டிங்கை மாத்துவார். சமதளத்துல லேசா முதுகுல கை வெச்ச மாதிரி ஒரு லெவல், மேட்டுக்கு ஒன்னு, முட்டி வலிக்கிற நாளுக்கு ஒன்னு. "அஞ்சாவதை மட்டும் பலமாவே வெச்சிடுங்க."

"ஏன் கனகு?"

"தபால் ஆபீஸ் பக்கம் நாய் துரத்துதுங்க."

அன்னைக்கு அந்தம்மா நூலகத்துக்குத் தனியா போனாங்க. இவர் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்து... வெச்சு... எடுத்து... கடைசியில வெச்சே வெச்சுட்டார்! அது மோட்டார் மாட்டுறதைவிடக் கஷ்டமான வேலைங்க.

கொஞ்ச நாள் கழிச்சு, சாயந்திரம் நல்ல மழை. போன் வந்துது. "ஏங்க, கொஞ்சம் நூலகம் வரைக்கும் வர்றீங்களா?" ரெயின்கோட், குடை, தைலம், எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடினார். "என்னாச்சு? முட்டியா? வண்டியா?"

"ஒன்னும் ஆகல. மழை பெய்யுது, சூடா ஒரு டீ குடிக்கணும் போல இருந்துது. தனியா குடிக்கப் பிடிக்கல."

ஜோதிலிங்கம் அன்னைக்கு சிரிச்ச மாதிரி கல்யாணத்தன்னைக்குக்கூட சிரிக்கலையாம்!

அகிலன் தம்பி... உதவி செய்யுங்க, நிறையச் செய்யுங்க. ஆனா அளவை நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. கேளுங்க. நேத்து கேட்ட அளவு இன்னைக்குச் சரியா வராது, அதனால இன்னைக்கும் கேளுங்க. முழுசா நீங்களே இழுத்துட்டுப் போனா, வண்டியில உக்காந்திருக்கறது மனைவி இல்ல தம்பி... மூட்டை! கோவத்துல மொத்தமா நிறுத்திட்டா அதுவும் பாவம்.

தேன்மொழி, நீ மட்டும் சிரிச்சுத் தப்பிக்க முடியாது. "அவருக்கே தெரிய வேண்டாமா?"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டு உக்காராதம்மா. அவருக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது! இங்க இருக்கற எந்த ஆம்பளைக்கும் தெரியாது. எவ்வளவு வேணும்னு வாயைத் திறந்து சொல்லு. கனகவல்லி அம்மா கேரட்டுல விழுந்ததுக்கு அப்புறம்தான் சொன்னாங்க... நீ விழறதுக்கு முன்னாடியே சொல்லிடும்மா.