இரண்டு கையிலும் கண்ணாடி

கண்ணாடி விளக்கைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும் சார். தனியாகச் சமாளித்துவிடலாம் என்று ஏணியில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மெயினை அணைக்க வேண்டும், பல்ப் ஆறும்வரை காத்திருக்க வேண்டும், ஒரு உள்ளங்கையால் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டே மறு கையால் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கழன்றதும் கீழே நிற்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்ததுதான்.

எங்கள் கூடத்து விளக்கு, கல்யாணத்துக்கு முன்பே அவர் ஆசைப்பட்டு வாங்கியது. பால் நிறத்தில் அகலமான கிண்ணம், ஓரத்தில் நீலக் கோடு. அதைத் துடைக்கும்போது அவர் முகத்தில் வரும் கனிவு என் பக்கம் திரும்பியதாக நினைவில்லை. அதற்காகவெல்லாம் யாரும் புருஷனை வெறுத்துவிட மாட்டார்கள். நானும் வெறுக்கவில்லை, எங்கள் மகள் விழும்வரை.

அன்றைக்கும் விளக்கைத்தான் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். துடைக்கும் துணியோடு பிள்ளை அவருக்குப் பின்னாலேயே ஏணியில் ஏறிவிட்டாள். "பத்திரம், பத்திரம்" என்று அவர் பதறுவது கேட்டு ஓடிவந்தேன். அவள் கை நழுவிச் சாய்கிறாள். கிண்ணத்தை விட்டெறிந்துவிட்டு அவள் சட்டையையாவது பிடித்திருக்கலாம். அவர் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பிள்ளையின் தலை தரையில் மோதியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "அவளாவே ஏறிட்டா. ரெண்டு கையிலயும் கண்ணாடி இருந்துச்சே, நான் எப்படிப் பிடிப்பேன்?"

அழுதுகொண்டேதான் சொன்னார். விளக்கை எலக்ட்ரீஷியன் வந்து பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுப் போனார். தூக்கிப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு அது தேவைப்பட்டது.

நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவள் இல்லை. கிண்ணத்துக்குள் பூச்சிகள் சேர்ந்து வெளிச்சம் மங்கட்டும் என்று பொறுத்திருந்தேன். மங்கியது.

"பூச்சியெல்லாம் உள்ள செத்துக் கிடக்கு. கழட்டித் தொடச்சிடலாங்க."

"என்னால முடியாதும்மா. அந்த ஏணியில இனி ஏற மாட்டேன்."

"நான் கீழ நிக்கறேன்ல. தைரியமா ஏறுங்க."

ஏறினார். மடக்கு ஏணியின் கால்கள் அகன்றுவிடாமல் பிடிக்க ஒரு சங்கிலி உண்டு. அதன் கொக்கியைக் காலையிலேயே கழற்றி, மாட்டியதுபோல் தெரியும்படி வைத்திருந்தேன். அவர் வேலை முடிக்கும்வரை என் காலை ஏணிக்கு அண்டக் கொடுத்து நின்றேன். அவசரப்பட்டால் கண்ணாடி உடைந்துவிடும் இல்லையா. திருகுகள் கழன்றன. குனிந்து கிண்ணத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். பிறகு காலை எடுத்தேன்.

ஏணி விரிந்தது. "பிடி, பிடி" என்று அவர் கை என்னை நோக்கி வந்தது.

"ரெண்டு கையிலயும் கண்ணாடி இருக்கே, நான் எப்படிப் பிடிப்பேன்?" என்றேன். முழுதாகக் காதில் விழுந்ததோ என்னவோ. தரையில் கிடந்தவரிடம் இன்னொரு தடவை சொன்னேன்.

ஆமாம், கொன்றது நான்தான். என் மகளுக்காகச் செய்தேன். விளக்கு பத்திரமாக இருக்கிறது, நீங்களே வந்து பார்க்கலாம்.

அவர் என்னைக் கொடுமைப்படுத்தினாரா என்று கேட்டீர்களே. படுத்தாமல் என்ன. "அவளாவே ஏறிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னாரே, அதைவிடக் கொடுமை உண்டா. "அப்பாகிட்ட குடுத்துட்டு வா" என்று துணியைக் கையில் திணித்து, பிள்ளையை ஏணியில் ஏற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவள் நான். அவருக்கு அது தெரியும். ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சாப்பிடும்போது என்னை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

இனிப் பார்க்க மாட்டார்.