புதர் வெட்டுற மெஷின்

— அதுக்காகக் காவலாளி சட்டையைப் பிடிப்பியாடா? உள்ள என் கூட்டம் நடக்குது.

— சேத்துக் காலோட உள்ள வரக்கூடாதாம். காடு வளர்க்கிற கூட்டத்துக்குச் சேறு ஆகாதாக்கா? தூ!

— இங்க துப்பாதே. சாப்பிட்ட தட்டெல்லாம் கழுவப் போட்டிருக்கு.

— பார்த்தேன். பாதித் தட்டுல சாப்பாடு அப்படியே கிடக்கு. அதைப் பார்த்துத்தான் குமட்டிச்சு. சரி, சொல்லு. வெட்டணுமா, வேண்டாமா? என் ஆளுங்க மலையடியில மெஷினும் கையுமா உட்கார்ந்திருக்காங்க.

— முடிவாயிடுச்சுடா. இனி கையெழுத்து மட்டும்தான். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. நான் வெறும் ஒருங்கிணைப்பாளர்.

— எல்லாரும் சேர்ந்து, எல்லாரும் சேர்ந்து! உனக்கு வேற வார்த்தையே வராதா? காலையில அந்த மலைச் சரிவுல ஏறிப் பார்த்துட்டு வரேன். உங்க திட்டத்துல அதுக்கு என்ன பேரு?

— புதர் மண்டிய நிலம்.

— புதராம்! நிமிர்ந்து பார்த்தா கழுத்து வலிக்குது. புதருக்குள்ள போனா முள்ளு கிழிக்கும். இதுக்குள்ள போனா குளிருதுக்கா. மண்ணைக் கிள்ளினா ஈரம். யாரு மொதல்ல குழி தோண்டுறதுன்னு நீங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டினீங்க. அதுக்குள்ள குருவி எச்சம் போட்டே வேலையை முடிச்சிட்டுப் போயிடுச்சு. இப்ப அதை வழிச்செடுத்துட்டு நீங்க கன்னு நடப் போறீங்க.

— குருவி நட்டதுக்கு யாரு பேரைப் போடுறதுடா? நட்ட மரம்னாத்தான் கணக்கு.

— சொல்றப்பவே உனக்கு அசிங்கமா இல்ல?

— இருக்கு. நாலு நாளா சோறு இறங்கலை. போதுமா?

— போதாது. பத்துப் பேரு சேர்ந்து அடிச்சா பாம்பு சாகாதும்பாங்க. காடு மட்டும் எப்படிக்கா சாகுது?

— நீ வெட்ட மாட்டேன்னு சொல்லிடேன்.

— சொல்லலாம். நாளைக்கு வேற ஒருத்தன் வந்து வெட்டுவான். நிறுத்தணும்னா உள்ளதான் நிறுத்தணும்.

— அதுக்கு ஒரு வழி இருக்கு. யாரு யோசனை சொன்னாங்களோ அவங்க வாபஸ் வாங்கலாம். ஒரே வார்த்தை. எல்லாம் நின்னுடும்.

— அப்ப வாங்கச் சொல்லு!

— யாரைடா? அதைக் கண்டுபிடிக்கத்தான் டீ நேரத்துல ஒவ்வொருத்தரையா ஓரங்கட்டினேன். வனத்துறை அதிகாரியைக் கேட்டேன். ‘எனக்கென்னம்மா, நல்லா வளர்ந்து நிக்குதே, அதை எதுக்கு வெட்டணும்? பணம் குடுக்கிறவங்க கேட்கிறாங்க’ன்னார்.

— சரி, பணம் குடுக்கிறவங்க?

— அந்த அம்மா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாங்க. ‘ஐயோ, எங்களுக்கு இஷ்டமே இல்லை. மலையடி மக்கள் கேட்டாங்க, மக்கள் பேச்சை எப்படித் தட்டுறது?’

— நடிப்பு.

— இல்லடா, நிஜமாவே கண் கலங்கிட்டாங்க. உள்ள ஒருத்தருக்குக்கூட வெட்ட மனசில்லை. அத்தனை பேரும் கை தூக்கினாங்க.

— த்தூ. சங்கத் தலைவரைக் கேட்டியா? மக்கள் சார்பா அவர்தானே வந்து உட்கார்ந்திருக்கார்.

— கேட்டேன். அவர் பேரைச் சொல்லித்தான் யோசனை வந்திருக்கு. ‘நான் எங்கம்மா கேட்டேன்? வெட்டப் போறது உறுதின்னு சேதி வந்துச்சு. எப்படியும் வெட்டத்தான் போறீங்க, கூலியாவது எங்க ஆளுங்களுக்குக் குடுங்கன்னு கேட்டேன். அதைக் கோரிக்கைன்னு எழுதிக்கிட்டாங்க’ங்கிறார்.

— சேதியா? எந்தப் புண்ணியவான் சொன்னானாம்?

— உன்னைத்தான் கை காட்டினார்.

— நானா?

— ‘உங்க தம்பிதாம்மா சொன்னான். ரெண்டு மெஷின் வாங்கிட்டு வந்து நின்னான். அக்காவே சொல்லிட்டாங்கன்னான்’னார். ஏண்டா, நான் எப்படா சொன்னேன்?

— நல்லா இருக்கே கதை! போன வருஷம் நீதானே போன் பண்ணினே? ‘புதர் வெட்டுற மெஷின் எங்கடா கிடைக்கும், நல்லதாப் பாரு’ன்னு. காட்டு வேலை பார்க்கிறவ கேட்கிறா. நான் என்ன நினைப்பேன்? சரிவுல பெரிய வேலை வருது, அக்கா ஜாடையா சொல்றான்னு நினைச்சேன். மெஷினை வாங்கினேன். என்னடா விஷயம்னு தலைவர் கேட்டார், சொன்னேன்.

— டேய்.

— என்ன டேய்?

— அது என் வீட்டுப் பின்பக்கத்துக்குடா.

— எது?

— மெஷின். பின்பக்கம் புல்லு இடுப்பளவு வளர்ந்து கிடந்துச்சு. உங்க மாமா பாம்பைப் பார்த்தேன்னு குதிச்சார். அதான் கேட்டேன்.

— பாம்பு இருந்துச்சா?

— இல்ல. பழைய ரப்பர் குழாய்.

— ரப்பர் குழாயா!

— சிரிக்காதே.

— சிரிக்கலைக்கா. வாந்தி வருது.

— சத்தமாப் பேசாதே. கதவு திறந்திருக்கு.

— திறந்திருக்கட்டும். உள்ள போய் இதையே சொல்லுக்கா. நீ சொன்ன அந்த நிமிஷமே தலைவர் வாபஸ் வாங்கிடுவார். நானும் சேத்துக் காலோட பக்கத்துல வந்து நிக்கிறேன்.

— என்னன்னு சொல்லுவேன்? இத்தனை நாள் நீங்க ராத்திரி பகலாப் பேசினதெல்லாம் என் வீட்டு ரப்பர் குழாயைப் பத்தின்னா?

— சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

— சிரிச்சுட்டுப் போக மாட்டாங்கடா. சிரிச்சுட்டு என்னைப் போகச் சொல்லுவாங்க. நாலு பேரை ஒரே மேசையில உட்கார வைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?

— தெரியும். மேசை மிஞ்சும். நல்ல மரத்துல செஞ்ச மேசை.

— மேடம், இங்கயா இருக்கீங்க? எல்லாரும் உட்கார்ந்தாச்சு. கையெழுத்துக்கு முன்னாடி யாராவது வாபஸ் வாங்கறாங்களான்னு கூட்டத்துச் சேர்மன் கடைசியாக் கேட்கச் சொன்னார்.

— ஒரு நிமிஷம்ண்ணே.

— பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, மேடம். என்ன சொல்ல?

— அக்கா. உன்னைத்தான் கேட்கிறார். வாயைத் திற.

— யாரும் இல்லைன்னு சொல்லுங்கண்ணே. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.