வண்டி ஸ்டாண்ட் டோக்கனும் எங்கள் வீட்டு லேசர் இயந்திரமும்

என் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் உள்ளன. வயது இருபத்து மூன்று. படிப்பு வணிகவியல் பட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ரயில் நிலையத்தின் பின்வாசலை ஒட்டிய தெருவில், சைக்கிள் கடையின் மேல்மாடியில், அப்பா அம்மாவோடு குடியிருக்கிறேன். அப்பா நிலையத்துக்கு வெளியே உள்ள இருசக்கர வண்டி ஸ்டாண்டில் காவலாளி. அங்கே வருகிறவர்கள் அவரை ஸ்டாண்ட் அண்ணன் என்பார்கள். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். நான் சிறிய லேசர் இயந்திரம் ஒன்றை வைத்துப் பெயர்ப்பலகை, சாவிக் கொத்துக்கான வில்லை முதலியவற்றை மரத்தில் வெட்டிக் கொடுத்து வருகிறேன். விசாரணையின்போது எனக்குக் கோவையாகப் பேச வரவில்லை. எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். பெண் உதவி ஆய்வாளர் சம்மதித்துத் தாள் கொடுத்தார். இது என் கைப்பட எழுதியது.

மேற்படி ஸ்டாண்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு டோக்கன்கள் உண்டு. ஒன்றை வண்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டு மற்றதை வண்டிக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் திரும்பி வரும்போது இரண்டும் ஒரே எண்தானா என்று பார்த்து வண்டியை விடுவார்கள். முன்பு தகர டோக்கன் இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் நகல் செய்துவிடலாம் என்று ஸ்டாண்ட் முதலாளி இப்போது கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும் பிளாஸ்டிக்கில் வட்டமாக வெட்டி எண் பொறித்து வாங்கியிருக்கிறார். கடைகளில் இதை அக்ரிலிக் என்கிறார்கள்.

சென்ற வியாழக்கிழமை மாலை ரயில் வந்து கூட்டம் இறங்கிய நேரத்தில் ஒருவர் டோக்கனைக் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்றார். அப்பா எண்ணைச் சரிபார்த்துத்தான் விட்டார். அதன் பிறகு மருந்துக்கடை ஊழியர் ஒருவர் வந்து அதே எண்ணுள்ள டோக்கனை நீட்டினார். வண்டி அவருடையது. அவர் சத்தம் போட்டதும் முதலாளி வந்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து முதலாளி என் அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு, "யோவ், உன் பொண்ணு வீட்ல மெஷின் வச்சிருக்கால்ல? எதை வேணாலும் வெட்டும்னு நீதான ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற?" என்று கேட்டார் என அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். முதல் சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் அப்பாவைக் காவல் நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். நானும் உடன் சென்றேன். உதவி ஆய்வாளர் அந்தப் போலி டோக்கனை மேசைமேல் வைத்து, இதை உங்கள் மகளின் இயந்திரம் வெட்டுமா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அங்கேயே ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். அப்பா டோக்கனை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் வெட்டாது? எம்பொண்ணு மெஷின் இதைவிடப் பெருசெல்லாம் வெட்டும் மேடம்" என்றார். உதவி ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். அதன் பிறகு, இயந்திரத்தை வந்து பார்ப்பதாகவும், வெட்டும் என்று தெரிந்தால் அதைக் கைப்பற்ற வேண்டியிருக்கும் என்றும், எங்கள் இருவர்மேலும் வழக்கு வரும் என்றும் சொன்னார். அங்கே வந்திருந்த முதலாளி, இது தீரும்வரை அப்பா வேலைக்கு வர வேண்டாம் என்றார். வெளியே வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. அதற்குள் அப்பா நடந்து தெருமுனைக்குப் போய்விட்டார்.

இயந்திரம் வீட்டுக்கு வந்தது முதல் எழுதும்படி உதவி ஆய்வாளர் சொன்னதால் அதை எழுதுகிறேன்.

இது அந்த வகையில் கிடைப்பதிலேயே விலை குறைந்தது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பணத்தில் வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது அலுமினியச் சட்டங்களும் இரண்டு பெல்ட்டுகளும் ஒரு பை திருகாணிகளும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய லேசர் முகப்பும் இருந்தன. எட்டிப் பார்த்த அம்மா, "இதுவா? கட்டில் வாங்கினாக்கூட இதைவிடக் கொஞ்சமாத்தான் பூட்டணும்" என்றார். அம்மாவின் தையல் மேசையைத் தவிர வீட்டில் ஆடாத மேசை இல்லாததால் அதன் பாதியை எனக்கு ஒதுக்கினார். சட்டத்தைப் பூட்டி, நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று அம்மாவின் அளவு நாடாவால் குறுக்காக அளந்தேன். அதன் பிறகு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். இயந்திரம் இணைக்கப்படவில்லை என்றும் அதற்கான டிரைவர் இல்லை என்றும் திரையில் வந்தது. அப்பா, "டிரைவர்தானே? நம்ம ஸ்டாண்டுல எத்தனை பேர் வேணும்?" என்றார். அந்த டிரைவர் ஒரு சிறிய மென்பொருள் என்று தேடிப் பிடித்து ஏற்றிய பிறகு இயந்திரம் முதல் தடவையாக அசைந்தது. அம்மா தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

முதலில் வட்டம் வெட்டச் சொன்னேன். முட்டை வந்தது. பெல்ட் தொளதொளவென்று இருந்ததுதான் காரணம். விரலால் சுண்டினால் சத்தம் வரும் அளவுக்கு இழுத்துக் கட்டியதும் வட்டம் வட்டமானது. அதன் பிறகு அப்பாவின் பெயரை எழுதினேன். அது இடவலம் மாறி வந்தது. இயந்திரம் எந்த மூலையிலிருந்து தொடங்குகிறது என்று மென்பொருளில் குறிக்க வேண்டும், நான் வேறு மூலையைக் குறித்திருந்தேன். அப்பா அந்தப் பலகையை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்து, "சரியாத்தானம்மா இருக்கு" என்றார். அதைத்தான் அவர் ஸ்டாண்டுக்கு எடுத்துச் சென்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். திருத்தி வெட்டிக் கொடுத்தும் பழையதை அவர் தரவில்லை.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு சக்தி என்று யாரும் சொல்லித் தரவில்லை. தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பிளைவுட் துண்டில் சிறு சிறு கட்டங்களாக ஒவ்வொரு வேகத்திலும் சுட்டுப் பார்த்தேன். தோல், அட்டை, கருப்பு பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு துண்டு சுவரில் தொங்குகிறது. வெளிறியதிலிருந்து கரியானது வரை வரிசையாக இருக்கும். அப்பா அவற்றை மார்க் ஷீட் என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் என் உண்மையான மார்க் ஷீட்டைக் காட்டாமல் இவற்றைத்தான் காட்டுவார்.

இயந்திரம் ஓடும்போது ஜன்னலில் புகையை இழுக்கும் விசிறி ஓடும். பக்கத்தில் வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் இருக்கும். அந்த நேரத்தில் நான் எழுந்து போவதில்லை. கண்ணுக்குப் போட இரண்டு பச்சைக் கண்ணாடிகள் உண்டு. ஒன்று பெட்டியோடு வந்தது. மற்றது அம்மாவுக்காக நான் வாங்கியது.

மழைக்காலத்தில் அப்பாவின் பிறந்தநாளுக்கு, சட்டையில் குத்திக்கொள்ள 'ஸ்டாண்ட் அண்ணன்' என்று ஒரு பட்டை செய்ய நினைத்தேன். ஸ்டாண்ட் டோக்கன் மாதிரியே பளிச்சென்று இருக்கட்டும் என்று அதே வகைத் தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்து ஓட்டினேன். இயந்திரம் முழுவதும் ஓடி முடித்தது. தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தகட்டைத் தூக்கினேன். அடியில் அம்மாவின் மேசையில் 'ஸ்டாண்ட் அண்ணன்' என்று கரிந்திருந்தது. இந்த இயந்திரத்தின் நீல ஒளி தெளிவான பிளாஸ்டிக்கை ஜன்னல் கண்ணாடியில் வெயில் நுழைவதுபோல் தாண்டிப் போய்விடும், கீழே இருப்பதைத்தான் சுடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா கோபப்படவில்லை. "விடு, உங்கப்பன் பேருதானே" என்று ஒரு துணியை விரித்து மூடினார். அன்றிலிருந்து இயந்திரத்துக்கு அடியில் தகரம் போட்டிருக்கிறேன். பட்டையை மரத்தில் வெட்டிக் கொடுத்தேன். அப்பா அதைத் தினமும் குத்திக்கொள்கிறார். தெளிவான பிளாஸ்டிக்கில் முயன்றதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் முதலாளியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உதவி ஆய்வாளர் பெயர்ப்பலகைக் கடை ஒன்றிலிருந்து டோக்கனில் இருப்பது போன்ற தகடு ஒன்றைத் தானே வாங்கி வந்திருந்தார். என்னிடம் கொடுத்து, டோக்கன் அளவுக்கு வெட்டச் சொன்னார். அப்பா பட்டையைக் குத்திக்கொண்டு கதவருகே நின்றார். நான் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, இது இதை வெட்டாது" என்றேன். அப்பாவின் கை பட்டைக்குப் போனது. "நீ ஓட்டு பாப்பா, பயப்படாத" என்றார்.

அதன் பிறகு ஒரு சிக்கல் வந்தது. கண்ணாடிகள் இரண்டுதான். ஒன்றை உதவி ஆய்வாளருக்குக் கொடுத்துவிட்டு மற்றதை நான் போட்டேன். மற்ற அனைவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும், நான் சொல்லும்வரை திரும்பக் கூடாது என்று சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. காவலர்கள் உதவி ஆய்வாளரைப் பார்த்தார்கள். "சொல்றாங்கல்ல, திரும்புங்க" என்றார் அவர். இரண்டு காவலர்களும் முதலாளியும் அப்பாவும் அம்மாவும் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். முதலாளியின் முகத்துக்கு நேரே என் மார்க் ஷீட்டுகளில் ஒன்று தொங்கியது.

தகட்டுக்கு அடியில் ஒரு பிளைவுட் துண்டை வைத்து, முழுச் சக்தியில், மெதுவான வேகத்தில் ஓட்டினேன். முடிந்ததும் உதவி ஆய்வாளர் தகட்டை எடுத்து நகத்தால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடியில் இருந்த பிளைவுட்டில் வட்டம் கருப்பாக விழுந்திருந்தது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அதே இடத்தில் வட்டம் ஆழமானது. தகடு அப்படியே இருந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விடுவது சரியாகப் படவில்லை. தெளிவான தகட்டின்மேல் கருப்பு பூசினால் ஒளி அதில் பிடிக்கும் என்று நானே சொன்னேன். அம்மா சுவரைப் பார்த்தபடியே, "இதை இப்ப யாருடி கேட்டா?" என்றார். உதவி ஆய்வாளர் மார்க்கர் பேனாவால் தகட்டில் கருப்பு தடவித் தந்தார். ஓட்டினேன். மேல்தோலில் வெண்மையாக ஒரு வட்டம் விழுந்தது. திரும்பத் திரும்ப ஓட்டியும் அது அடிவரை இறங்கவில்லை. கோட்டின் ஓரம் சொரசொரவென்று கருகியிருந்தது. அதன் பிறகு எல்லோரையும் திரும்பச் சொன்னேன்.

உதவி ஆய்வாளர் அதைப் போலி டோக்கனுக்குப் பக்கத்தில் வைத்தார். போலி டோக்கனின் ஓரம் வழவழவென்று பளபளத்தது. அப்படி ஓரம் வர வேறு வகை ஒளியுள்ள பெரிய இயந்திரம் வேண்டும், அதை நான் வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்றேன். ஸ்டாண்டின் அசல் டோக்கன் ஒன்றையும் காட்ட முடியுமா என்று கேட்டேன். முதலாளி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அசலின் ஓரமும் போலியின் ஓரமும் ஒரே மாதிரி இருந்தன. இரண்டு எண்களிலும் வரும் ஐந்தின் சிறு வளைவுகூட ஒன்றாகவே இருந்தது. இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. யார்மீதும் நான் விரல் நீட்டவில்லை. உதவி ஆய்வாளர் முதலாளியிடம், டோக்கனை எந்தக் கடையில் வெட்டினீர்கள், அதை வெட்டப் போட்ட கணினி வரைபடம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். முதலாளி, "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். அவர் கேட்டது அப்பாவிடம். அப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த நேரத்தில் அம்மா மேசையின் மூலையில் இருந்த துணியை எடுத்துவிட்டு, "இதையும் பாத்துக்கோங்க மேடம். வண்டி காணாம போறதுக்கு ரொம்ப முன்னாடி, மழைக்காலத்துல வாங்கின சூடு" என்றார். நான் அன்றைக்குக் கைப்பேசியில் எடுத்த படத்தையும் காட்டினேன். அதில் தேதி இருக்கிறது. உதவி ஆய்வாளர் குனிந்து, மேசையில் கரிந்திருந்ததை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். அப்பா கிட்டே வந்து அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "இதுல எழுத்து இன்னும் அழகா வந்திருக்கே" என்றார்.

இயந்திரத்தைக் கைப்பற்றவில்லை. சோதித்த தகட்டையும் பிளைவுட்டையும் மட்டும் என் கையெழுத்தோடு எடுத்துக்கொண்டார்கள். முதலாளி படியிறங்கும்போது அப்பாவை ஞாயிறு மாலை வேலைக்கு வரச் சொன்னார். அப்பா, "ஒரே பலகையை ரெண்டா வெட்டி, சேத்து வச்சா மர ரேகை பொருந்துற மாதிரி ஜோடி டோக்கன் பாப்பா செஞ்சு தருவா, அதை வச்சாத்தான் வருவேன்" என்றார். என்னிடம் கேட்காமலே சொன்னார். செய்து தருவேன்.

இன்று காவல் நிலையத்தில் இதை எழுதி முடித்ததும் உதவி ஆய்வாளர் வாய்விட்டுப் படித்தார். தெளிவான தகட்டை வெட்டாது என்று நான் எழுதியிருந்த இடத்தில் அப்பா குறுக்கிட்டார். "வெட்டாதுன்னு மட்டும் நின்னா நல்லா இல்ல மேடம். நாளைக்கு இதைப் படிக்கிறவங்க, எம்பொண்ணு மெஷின் ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு நெனச்சுக்குவாங்க."

"கோர்ட்டைத் தவிர யாரும் படிக்க மாட்டாங்க."

"கோர்ட் அப்படி நெனச்சா பரவாயில்லயா?"

உதவி ஆய்வாளர் தாளை என் பக்கம் தள்ளினார். ஆகவே கீழ்க்காணும் வாக்கியத்தைச் சேர்க்கிறேன். மேற்படி இயந்திரம் தெளிவான பிளாஸ்டிக்கை வெட்டாது, ஆனால் மரம், தோல், அட்டை, கருப்பு பிளாஸ்டிக் ஆகியவற்றைச் சுத்தமாக வெட்டும்; அதைப் பூட்டியதும் ஓட்டுவதும் நான்.

இந்தத் தாள்களில் உள்ள அனைத்தும் நான் கண்டதும் அப்பா சொல்லிக் கேட்டதும் செய்ததும்தான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. ஒரு வாக்கியம் மட்டும் என் தந்தை கேட்டுச் சேர்த்தது. அதுவும் உண்மை.

(கையொப்பம்)