மூன்றாவது கணவாய்

மலைமேல் காப்பி ருசிக்கவே ருசிக்காது. அந்த உயரத்தில் தண்ணீர் சரியாகச் சூடேறுவதற்குள் கொதித்துவிடும். "இது காப்பியா, சாக்ஸ் துவைச்ச தண்ணியா?" என்று கொரின் சிரித்தாள். என் மகள் என் எதிரில் சிரித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவளை அவள் அம்மா டென்வருக்குக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து கணக்கு.

வயோமிங்கில் என் சமையலறையிலிருந்தே அந்த மலைகள் தெரியும். மூன்று கணவாய்களைத் தாண்டி, ஏரிகளை ஒட்டிச் சுற்றி, கார் நிறுத்திய இடத்துக்கே வந்து சேரும் பாதை. நான்கு நாள் நடை. சனிக்கிழமை அவளுக்கு நியூசிலாந்து விமானம். அங்கே வேலை, அங்கேயே கல்யாணம்.

"நாலே நாள்தாம்பா. அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூடக் கேக்காதீங்க" என்றாள்.

நான் கேட்கவில்லை.

வியாழன் பனி கொட்டும் என்று வானிலை அறிக்கையில் இருந்தது. வானம் தெளிவாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

இரண்டாவது கணவாயிலிருந்து இறங்கினால் கிண்ணம் போல ஒரு பள்ளம், அடியில் ஏரி. உள்ளே வர ஒரு கணவாய், வெளியே போக ஒரு கணவாய், வேறு வழி கிடையாது. புதன்கிழமை அங்கே கூடாரம் போட்டோம். அவள் பாறைகளுக்குப் பின்னால் போயிருந்தபோது, அவள் பையில் மாட்டியிருந்த செயற்கைக்கோள் கருவியைக் கழற்றி ஏரியில் விட்டேன். ஆபத்தில் அழுத்தினால் ஹெலிகாப்டரை வரவழைக்கும் கருவி. எறியவில்லை, மெதுவாகத்தான் விட்டேன். வழியில் எங்கேயோ விழுந்திருக்கும் என்றேன். மூன்று முறை பையைக் கொட்டித் தேடினாள்.

வியாழனும் வெள்ளியும் பனி நிற்கவில்லை. கூடாரத்துக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

"நான் யார்கிட்ட இருக்கணும்னு கேஸ் நடந்தப்ப கோர்ட்டுக்கு நீங்க ஏம்பா வரல? உங்களுக்காக வாசல்லயே நின்னேன்."

"வேலை இருந்துச்சும்மா."

"இப்பவும் பொய்தானா?"

பிறகு அவளே என் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். வெள்ளி மாலை அவளுக்கு இருமல் தொடங்கியது.

சனிக்கிழமை வெயில் அடித்தது. மூன்றாவது கணவாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், இரண்டு மணி நேரத்தில் திரும்பினேன்.

"இடுப்பளவு பனி. தாண்ட முடியாது. வந்த கணவாயும் அப்படித்தான் இருக்கும்."

"தவழ்ந்தாவது வரேன்பா. மூச்சு முட்டுது."

"நாளைக்கு உருகிடும். படு."

ஞாயிறு அவள் உதடுகள் நீலமாயின. இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தது. மலை உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்தால் மருந்து ஒன்றுதான், உடனே கீழே இறங்குவது. மலை மீட்புக் குழுவில் பன்னிரண்டு வருடம் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. திங்கள் காலை என் மடியில் அவள் மூச்சு நின்றது.

எங்களைத் தேடி வந்த உங்கள் போலீஸ் ஆட்கள் மூன்றாவது கணவாய் வழியாகச் சாதாரண பூட்சோடு நடந்து வந்ததாகச் சொல்கிறீர்கள். உண்மைதான். சனிக்கிழமை நான் அதன் உச்சியில் நின்றேன். காற்று பனியைச் சுத்தமாகத் துடைத்திருந்தது. கணுக்கால்கூடப் புதையவில்லை. கீழே எங்கள் காரின் கூரை மின்னியது. தோளில் சாய்த்து நடத்தியிருந்தால் அன்று மாலையே இறக்கியிருப்பேன். ஒரு சாக்லேட் தின்றேன். பிறகு திரும்பி இறங்கினேன்.

அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவருக்கு நீங்கள்தானே தகவல் சொல்வீர்கள்? அவள் தனியாக இல்லை, கடைசிவரை அவள் அப்பா பக்கத்திலேயே இருந்தார் என்று சொல்லுங்கள். அவருக்கு அது ஆறுதலாக இருக்கும்.