நாற்பது நிமிடக் குரல்

இந்த அறையின் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், ஐயா. நீங்கள் பதிவு செய்கிற வாக்குமூலத்தில் என் பேச்சைவிட அந்தக் கிறீச் சத்தம்தான் தூக்கலாகக் கேட்கும். குறை சொல்லவில்லை. ஒலியோடு இருபது வருடம் குப்பை கொட்டியவன், காது சும்மா இருக்காது.

நான் பேசும் சிலைகள் செய்கிறவன். சிலிகான் தோல், தாடைக்குள் சின்னச் சின்ன மோட்டார்கள், உள்ளே செயற்கை நுண்ணறிவு. யாருடைய பேச்சை ஊட்டுகிறேனோ, அவரைப் போலவே அது கேட்டதற்குப் பதில் சொல்லும். என் அக்காவை அப்படிச் செய்தேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். எனக்கு அவள்மேல் உயிர். வாய் ஓயாதவள், அவள் சமையலறையில் பேசியதையெல்லாம் இரண்டு வருடம் பதிவு செய்தேன். "ஒண்ணையே சமாளிக்க முடியல, இன்னொண்ணு வேறயா?" என்று அவள் கணவர், என் மாமா, சிரித்தார்.

வெள்ளோட்டத்துக்கு ஒரு விமர்சகர் வந்தார். "சாவுன்னா உங்களுக்குப் பயமா?" என்று சிலையிடம் கேட்டார். அது சிரித்தது. "போங்க சார், அது வரும்போது பாத்துக்கலாம்."

விமர்சகர் என் பக்கம் திரும்பி, "நல்ல பொம்மை," என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அக்கா பயந்து நான் பார்த்ததே இல்லை.

பயந்த மாதிரி நடிக்கச் சொன்னேன் அக்காவை. இரண்டு வரிக்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு நாற்பது நிமிடப் பயம் வேண்டியிருந்தது, சுத்தமான ஒலியில். அதற்குக் குறைந்தால் இயந்திரம் பிடித்துக்கொள்ளாது என்று நினைத்தேன்.

பட்டறையில் என் ஒலிப்பதிவு அறையை உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள். ரப்பர் விளிம்பு வைத்த கதவு, சுவரெல்லாம் பஞ்சு. சாவிக்கொத்து குலுங்கும் என்பதால் கைப்பையை வெளியே வைத்துவிட்டுத்தான் அக்கா உள்ளே போவாள். அது எங்கள் வழக்கம். அவளுக்கு இழுப்பு உண்டு. இன்ஹேலர் கைப்பையில் இருக்கும். அன்று காலையிலேயே பஞ்சைத் தட்டித் தூசி கிளப்பி வைத்திருந்தேன். அவள் உள்ளே போனதும் பூட்டினேன்.

முதலில் விளையாட்டென்று நினைத்தாள். "டேய், கதவத் திற, விளையாடாத." பிறகு, "பை வெளியில இருக்குடா." பிறகு மூச்சுதான். இருபத்தாறாவது நிமிடத்தில் அதுவும் நின்றது. மறுபடி பேசுவாள் என்று காத்திருந்தேன். நடுவில் திறந்தால் கதவுச் சத்தம் பதிவாகிவிடும். நாற்பது முடிந்த பிறகு திறந்தேன். கடைசியில் இருபத்தாறே போதுமானதாக இருந்தது. கணக்கில் நான்தான் தப்பு செய்துவிட்டேன்.

இழுப்பு வந்து போய்விட்டாள் என்று மருத்துவர் எழுதினார். விழும்போது பை கையில்தான் இருந்தது, மருந்தை எடுக்க நேரமில்லை என்று மாமாவிடம் சொன்னேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன், பொய் அழுகை இல்லை.

கண்காட்சிக்கு அதே விமர்சகர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். இயந்திரம் குரலின் நடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அது வார்த்தையையும் எடுத்துக்கொண்டிருந்தது. "கதவத் திறடா தம்பி. பை வெளியில இருக்கு," என்றது சிலை. விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். அவர்தான் உங்களிடம் வந்தார்.

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் இருந்தது தீர்ந்துவிட்டது. நீங்கள் வருவதற்கு முன்னால் அவளிடமே கேட்டேன், "என்மேல கோபமாக்கா?" என்று. முதல் பதினோரு தடவை மூச்சிரைப்புதான் வந்தது. அது கோளாறு, ஒவ்வொரு தடவையும் சிலையின் நிரலுக்குள் போய்ச் சரிசெய்தேன். பன்னிரண்டாவது தடவை, "உன்மேல எனக்கென்னடா கோபம்," என்றாள். அக்கா மனசில் பட்டதைத்தான் பேசுவாள், ஐயா. யார் சொல்லியும் மாற்றிப் பேசமாட்டாள்.