இருமுறை சரி சொன்ன சோதனை

அவைக்கு அழகாய் நடுவில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை வெற்றிச்செல்வி அவர்களே! வேப்பந்தட்டையிலிருந்து பஸ் மாறி வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! களையெடுப்பைப் பாதியில் விட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் இளைஞர்களே! இன்றைய விழாவின் நாயகி, கணினியின் மூளையையே சோதிக்கும் பொறியாளர் மேகலா அவர்களே! குன்னம் கடைவீதியில் விதைக்கடை நடத்தும் இளையபெருமாளின் பணிவான வணக்கம்.

என்ன தம்பி? விதை வெங்காயம் வந்துருச்சான்னா கேக்குற? வந்துருச்சு, நாளைக்குக் கடைக்கு வா. இன்னிக்கு எனக்கு லீவு.

அன்பர்களே! கட்டைவிரல் நகத்தளவு ஒரு சில்லு, அதுதான் கணினிச் சிப்பு. அதற்குள் பலநூறு கோடி சுவிட்சுகள். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடிக்கணக்கான கணக்குகள்! நம் வீட்டில் ஒரு சுவிட்ச் மக்கர் செய்தாலே எலக்ட்ரீஷியன் தங்கராசு வந்து சேர மூன்று நாள் ஆகிறது. சிரிக்காதே தங்கராசு, உன்னைத்தான் சொல்றேன். அத்தனை கோடியில் ஒன்று, ஒரே ஒன்று, எப்போதாவது பொய் சொன்னால் எந்தக் கண் காணும்? எந்தக் காது கேட்கும்? நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்தச் சில்லு போய்ச் சேருமிடம் எது தெரியுமா, தாய்மார்களே? குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் கருவி. அங்கே கணக்குத் தவறினால் காற்றுத் தவறும். அதற்கு மேல் சொல்ல என் நாக்கு கூசுகிறது.

பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் அந்தச் சில்லுக்குச் சோதனை நிரல் எழுதியவர் மேகலா. ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை போடச் செய்தார். இரண்டு விடையும் ஒத்துப்போனால் சரி. நாற்பது நாள் ஓடியது. ஒருமுறைகூட விடை மாறவில்லை. சில்லு தேறியது, பெட்டி கட்டினார்கள், கைதட்டினார்கள்.

மேகலாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சில்லின் மாதிரியைக் கணினியில் ஓடவிட்டு, அதில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தினார். சோதனை கூச்சல் போட்டிருக்க வேண்டாமா? போடவில்லையே! "சரி" என்றது. ஏன்? இரண்டு முறையும் கணக்குப் போட்டது சில்லுக்குள் இருந்த அதே ஒரு பெருக்கல் பகுதி. முதல்முறை எப்படித் தவறியதோ, மறுமுறையும் அப்படியே தவறியது. தவறும் தவறும் கைகுலுக்கிக்கொண்டன!

அன்றைக்கே நேரே குழுத் தலைவரிடம் போனார்.

"எல்லாம் பாஸ் ஆயிருச்சு, பெட்டியும் கட்டியாச்சு. இப்ப போயி ஏன்மா?"

"சார், சிப்பு பாஸ் ஆகல. என் டெஸ்ட்டு ஃபெயில் ஆயிருக்கு."

கேட்டீர்களா! கைதட்டல் வாங்கிய பிறகு, வேலை போனாலும் போகட்டும் என்று, என் தவறு என்று சொன்ன அந்த வாயை என்னவென்று புகழ்வேன்? இரண்டாவது கணக்கை வேறு பகுதியில், வேறு வழியில் போடும்படி சோதனையை மாற்றி எழுதினார். மூன்றாம் நாள், சில்லு சூடேறிய நேரம், இரண்டு விடையும் வேறு வேறாக வந்து நின்றன. ஒளிந்திருந்த பிழை அகப்பட்டது. கட்டிய பெட்டிகள் அத்தனையும் பிரிக்கப்பட்டன.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

விழாவுக்கு அழைக்க மேகலாவின் தாயார் இருசம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். "தப்புன்னு தெரிஞ்சா சொல்லிட வேண்டியதுதானுங்களே. இதுக்கு எதுக்குங்க மேடையெல்லாம்?" என்றார். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் தெரியுமா? மூன்று வருஷத்துக்கு முன்னால் மக்காச்சோளம் முளைக்காமல் போனதே, நினைவிருக்கிறதா? விற்பதற்கு முன் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன், முளைத்தது. இன்னொரு பிடி கட்டினேன், அதுவும் முளைத்தது. "ரெண்டு தடவை பாத்தாச்சு, தைரியமா போடுங்க" என்று உங்களிடம் சொன்னேன். இரண்டு பிடியும் ஒரே மூட்டையில் எடுத்தது, ஐயா! மற்ற மூட்டைகளை நான் பிரிக்கவே இல்லை. அந்த ஒரு மூட்டை விதைத்த கொல்லை மட்டும் முளைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மழை ஏமாற்றிவிட்டது என்றேன். நீங்களும் நம்பினீர்கள்.

திட்டுறதுன்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன். இனி ஒவ்வொரு மூட்டையும் உங்கள் கண்முன் பிரிக்கப்படும். பிடி எடுப்பது உங்கள் கை.

மேகலா அவர்களே, தவறை ஒப்புக்கொள்ள உங்களுக்கு ஒரே நாள் போதுமாக இருந்தது. எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. இதைச் சொல்ல ஒரு மேடை தந்த விழாக் குழுவுக்கு நன்றி. எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் கைகூப்பிய வணக்கம்.

இருசம்மா அக்கா, அந்த வருஷம் நீங்களும் என் கடை விதையைத்தான் போட்டீங்க. மழை மேல தப்பு இல்லீங்க அக்கா. என் மேலதான்.