கண்மாய்க் கரி

திருவாடானை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும். விறகைச் சுட்டுக் கரிமூட்டம் போடுகிறவர்கள் என்று நகக்கண்ணில் ஏறிய கருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. பஸ் நகர்ந்ததும் தம்பி சொன்னான்:

"நாம தண்ணிக்குள்ள மரம் வெட்டியிருக்கோமாம்க்கா."

"ஏலே, யாரு சொன்னது?"

"கரி யாவாரிதான். நம்ம கரி ஐரோப்பாவுக்குப் போகுதுல்ல, அங்க புதுச் சட்டமாம். காட்டை அழிச்சு எடுத்த கரி வேண்டாங்கிறான். எங்கன வெட்டுனோம்னு போன்ல இடத்தைக் குறிச்சு அனுப்பணும். நானும் கண்மாய்க்குள்ள நின்னுதான் அனுப்புனேன்."

"அதுல என்ன தப்பு?"

"மேப்புல நம்ம கண்மாய் நீலமா இருக்கு. தண்ணிக்குள்ள ஏது மரம், நீ பொய் இடம் குடுத்திருக்கன்னு மூட்டையெல்லாம் திருப்பிட்டாரு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சீமைக்கருவைதான். இந்தப் பக்கம் வேறு எதைப் பார்க்க முடியும்?

"காடாலே அது? கருவை. வெட்டி ஒழிங்கன்னு நம்மூர்ல மைக் கட்டியில்ல சொன்னாங்க."

"அந்த மைக்கு அங்க கேட்கலை போல."

"அப்ப நீ?"

"திருப்பூர் போறேன். கூடப் படிச்சவன் எல்லாம் போயாச்சு. இனிமே மூட்டத்துக்கு நீயும் மச்சானும்தான்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்த யாவாரிக்குப் போனைப் போடு."

"போட்டு?"

"கண்மாயில தண்ணி கிடந்தா நாங்க வயல்ல நிக்க மாட்டமா, கரி சுட எதுக்கு வாரோம்னு கேளு."